ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

கோபிசெட்டிபாளையத்தில் சத்தி ரோட்டை ஒட்டி எங்கள் அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் பேட்டரிக் கடை வைத்திருந்தார். டிராக்டர், லாரி, பால்வண்டி, பிறகு வீட்டு இன்வெர்ட்டர் என்று எந்த பேட்டரி வந்தாலும், முதலில் ஆறு மூடிகளையும் திருகிக் கழற்றி, ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். ஆசிட்டின் அடர்த்தி எண் 1.25க்கு மேல் நின்றால் சார்ஜ் இருக்கிறது, 1.15க்குக் கீழே போயிருந்தால் இறங்கிவிட்டது. அதன் பிறகே ஆசிட்டின் மட்டத்தைப் பார்த்து, குறைந்த செல்லுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். 2012 வாக்கில் எங்கள் வட்டாரத்தில் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கழிந்த மாதங்களில், அந்தக் கடையில் மேசைக்கு அடியிலும் நடைபாதையிலும் இன்வெர்ட்டர் பேட்டரிகள் வரிசைகட்டி நின்றன.

அப்போது வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்ணா, மாசாமாசம் தண்ணி ஊத்தறோம், கீழ ஒரு சொட்டு ஒழுகலைங். ஊத்துன தண்ணியெல்லாம் எங்கீங் போகுது?" அப்பா சிரிக்காமல் பதில் சொல்வார்: "பேட்டரி குடிச்சிருதுங். சித்திரை வெயில்ல ரெண்டு பங்கு குடிக்கும்." பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் பேட்டரி வேதியியலில் வேலை செய்கிறேன். கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் லித்தியம், மெக்னீசியம் போன்ற வினைத்திறன் மிகுந்த உலோகங்களை ஆனோடாக, அதாவது மைனஸ் பக்கத் தகடாக, வைத்து செல்கள் செய்து பார்ப்பது என் பணி. எந்த மின்பகுளியை, அதாவது இரு தகடுகளுக்கு நடுவே அயனிகளைக் கடத்தும் பொருளை, கையில் எடுத்தாலும் நான் கேட்பது அந்த வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்வியைத்தான்: இது எங்கே போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, போனபின் என்னவாக ஆகிறது?

ஈய பேட்டரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மின்பகுளியின் நிலைப்புத்தன்மை என்ற பேச்சு முழுவதும் அந்தப் பழைய பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 1.23 வோல்ட் போதும். ஆனால் ஈய பேட்டரியின் ஒரு செல் 2 வோல்ட்டுக்கும் சற்று மேலே நிற்கிறது. அப்படியானால் அதில் உள்ள தண்ணீர், செல் சும்மா இருக்கும்போதே சிதைந்து போயிருக்க வேண்டும். வெப்ப இயக்கவியல் அதைத்தான் சொல்கிறது. அது சிதையாமல் இருப்பதற்குக் காரணம், ஈயத்தின் பரப்பில் ஹைட்ரஜன் உருவாவது மிக மிக மெதுவாக நடக்கிறது என்பதே. அந்த மெதுவைக் கெடுக்கும் பொருள் எது உள்ளே வந்தாலும் பேட்டரி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். தகட்டுக்கு வலுச்சேர்க்க ஈயத்தில் கலக்கும் ஆன்டிமனி மெல்லக் கரைந்து மைனஸ் தகட்டில் படியும்போது அதுதான் நடக்கிறது. ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்சியம் கலந்த தகடுகள் வந்தபின்தான் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரிகள் பரவலாக வந்தன. டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருபவர்களை அப்பா கடிந்துகொள்வதும் இதனால்தான். அந்தத் தண்ணீரோடு போகும் இரும்பும் குளோரைடும் தகட்டை அரித்து, சும்மா வைத்த பேட்டரியையே இறக்கிவிடும்.

லித்தியத்துக்கு வந்தால் இந்த நிலைமை பல மடங்கு கடுமையாகிறது. ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் லித்தியம் 3.04 வோல்ட் கீழே நிற்கும் உலோகம். எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கும் பொருட்களில் முன்வரிசை. அந்தத் துடிப்பையே நாம் மின்சாரமாக எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். இன்று கைபேசியிலும் ஸ்கூட்டரிலும் உள்ள லித்தியம் அயனி பேட்டரியின் கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி மின்சுமை கொள்கிறது. லித்தியம் உலோகம் ஒரு கிராமுக்கு 3,860. பத்து மடங்கு வேறுபாடு. எடை குறைந்த, அதிக தூரம் ஓடும் பேட்டரி வேண்டுமென்று கேட்பவர்கள் எல்லோரும் கடைசியில் இந்த உலோகத்தின் வாசலில் வந்து நிற்பது இதனால்தான். ஆனால் அதே துடிப்போடு அது தன்னைத் தொடும் திரவத்துக்கும் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. நம் கையில் உள்ள எத்திலீன் கார்பனேட், டைமெத்தில் கார்பனேட் போன்ற கரைப்பான்கள் லித்தியத்தைத் தொட்ட கணத்திலேயே ஒடுக்கமடைந்து சிதைகின்றன. இவற்றைவிட நன்றாகத் தாங்கும் ஈதர் வகைக் கரைப்பான்களும் முழுமையாகத் தப்புவதில்லை.

பிறகு எப்படி லித்தியம் பேட்டரி வேலை செய்கிறது? இதற்கு நான் முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டுவது ஒரு அலுமினியப் பாத்திரம். அலுமினியமும் வினைத்திறன் மிகுந்த உலோகம்தான். அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் இயல்பாகவே படியும் ஆக்சைடுப் படலம் இல்லாவிட்டால் அதில் சோறு வடிக்க முடியாது. அந்தப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்து இரவெல்லாம் விட்டுவிட்டால் காலையில் உட்புறம் மங்கிச் சொரசொரப்பாகியிருப்பதையும் குழம்பில் ஒரு உலோக வாடை ஏறியிருப்பதையும் நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிட்டது என்பதே விளக்கம். லித்தியத்திலும் காவல் காப்பது இத்தகைய ஒரு படலமே. கரைப்பானும் உப்பும் சிதைந்து உண்டாகும் லித்தியம் கார்பனேட், லித்தியம் ஃபுளோரைடு, லித்தியம் ஆக்சைடு, சில கரிம உப்புகள் எல்லாம் சேர்ந்து சில பத்து நானோமீட்டர் தடிமனில் உலோகத்தின் மேல் படிகின்றன. நல்ல படலமாக அமைந்தால் லித்தியம் அயனிகள் அதன் ஊடே போய்வரும். எலக்ட்ரான்கள் கடக்க முடியாது. எலக்ட்ரான் கிடைக்காததால் அதற்கு மேல் உள்ள திரவம் சிதைவதும் நின்றுபோகும். 1979இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் பெலெட் இதைத் திட மின்பகுளி இடைப்படலம் என்று விளக்கி எழுதினார். அதாவது, திரவ மின்பகுளியின் ஒரு பகுதி தன்னைச் சிதைத்துக்கொண்டு, மீதிக்குத் தானே வேலியாகிறது.

இந்த வேலி எவ்வளவு வலுவாக இருக்கக்கூடும் என்பதற்கு நான் அறிந்த சிறந்த சான்று லித்தியம் தயோனைல் குளோரைடு செல். தண்ணீர் மீட்டர், மின் மீட்டர் போன்றவற்றுக்குள் பத்தாண்டுக்கு மேல் கிடந்தும் உயிரோடு இருக்கும் 3.6 வோல்ட் செல் அது. அதில் லித்தியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவம் அந்த உலோகத்தோடு வினைபுரிவதற்கென்றே உள்ளது. மின்சாரம் எடுக்கும்போது பிளஸ் பக்கத்தில் செலவாகும் பொருளும் அதே தயோனைல் குளோரைடுதான். இருந்தும், முதல் தொடுதலில் உண்டாகும் லித்தியம் குளோரைடுப் படலம் இரண்டையும் ஆண்டுக்கணக்கில் பிரித்து வைக்கிறது. நீண்ட நாள் அடுக்கில் இருந்த செல்லைத் திடீரென்று பயன்படுத்தினால் தொடக்கத்தில் வோல்ட் சற்றுத் தாழ்ந்து பிறகு ஏறுவது, படலம் அங்கே இருக்கிறது என்பதை நாம் கண்ணால் காணும் இடம்.

ஆனால் அந்த செல்லை மறுபடி சார்ஜ் செய்வதில்லை. படலத்துக்கு வரும் சோதனை எல்லாம் சார்ஜ் செய்வதில்தான் இருக்கிறது. கிராஃபைட்டுக்குள் லித்தியம் புகுந்து வெளியேறும்போது அந்தத் தகடு சுமார் பத்து விழுக்காடு உப்பிச் சுருங்குகிறது. மேலே உள்ள படலம் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. லித்தியம் உலோகத்துக்கு அப்படி ஒரு கூடு கிடையாது. இறங்கும்போது உலோகமே கரைந்து மறைகிறது, ஏறும்போது புதிதாக முளைக்கிறது. கீழே தரை இருந்தால் அல்லவா மேலே சாந்து நிற்கும்? ஒவ்வொரு சுழற்சியிலும் படலம் கிழிகிறது, கிழிந்த இடத்தில் பளிச்சென்ற புது உலோகம் திரவத்தைத் தொடுகிறது, திரவம் மறுபடி சிதைகிறது. எங்கே படலம் மெலிந்திருக்கிறதோ அங்கே அயனிகள் முந்திக்கொண்டு வந்து படிவதால், உலோகம் சமமாகப் படியாமல் ஊசியாகவும் பாசியாகவும் முளைக்கிறது. ஊசி நீண்டு, இரு தகடுகளும் ஒன்றையொன்று தொடாமல் வைக்கும் பிரிப்பானைத் துளைத்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் செல் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும்.

1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் எக்ஸான் நிறுவனத்தில் டைட்டானியம் டைசல்ஃபைடோடு லித்தியம் உலோகத்தைச் சேர்த்து மறுமின்னேற்ற பேட்டரி செய்தபோதும், 1980களின் இறுதியில் கனடா நிறுவனம் ஒன்றின் லித்தியம் உலோக பேட்டரிகள் கைபேசிகளுக்கு விற்பனைக்கு வந்து தீ விபத்துகளால் திரும்பப் பெறப்பட்டபோதும் மனிதர்கள் மோதிக்கொண்டது இந்தச் சுவரில்தான். 1990இல் ஜெஃப் டானின் குழு, எத்திலீன் கார்பனேட் கலந்த மின்பகுளியில் கிராஃபைட் உரியாமல் தாங்கும் என்று காட்டியது. 1991இல் சோனி முதல் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலோகத்தைக் கைவிட்டுக் கார்பனுக்குப் போனதால் கிடைத்த வெற்றி அது. இப்போது முப்பது ஆண்டுகள் கழித்து நாம் மறுபடியும் உலோகத்துக்குத் திரும்பியிருக்கிறோம், ஆகவே பழைய கேள்வியும் திரும்பியிருக்கிறது.

ஆய்வகத்தில் இதை நாங்கள் அளக்கும் விதம் எளிமையானது. நாணய வடிவில் உள்ள சிறிய செல் (நாணய செல்) ஒன்றில் ஒரு பக்கம் லித்தியத் தகடு, மறுபக்கம் வெறும் செம்புத் தகடு. குறிப்பிட்ட அளவு லித்தியத்தைச் செம்பின் மேல் படியவைத்து, பிறகு முழுவதையும் திரும்ப உரித்து எடுக்கிறோம். நூறு போட்டதில் எத்தனை திரும்ப வந்தது என்பதே கூலும் திறன். வராதது மின்பகுளியோடு சேர்ந்து படலமாகியிருக்கும், அல்லது படலத்தால் சூழப்பட்டுத் தகட்டோடு தொடர்பறுந்து, உலோகமாகவே செத்துக் கிடக்கும். அத்தகைய செல்லைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. செம்பின் மேல் வெள்ளிப் பூச்சை எதிர்பார்த்துத் திறந்தால், அடுப்புக்கரியைப் பொடித்துத் தூவியது போல் சாம்பல் கலந்த கறுப்புப் பொடி இருக்கும். இடுக்கியால் தொட்டால் உதிரும். அதில் ஒரு துணுக்கை வெளியே எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறிக்கொண்டு குமிழி கிளம்பும். 2019இல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்தச் சீற்றத்தையே அளவுகோலாக்கினார்கள்: உலோகமாகக் கிடக்கும் லித்தியம் மட்டுமே தண்ணீரோடு ஹைட்ரஜனைத் தரும், படலத்தில் உப்பாகப் போன லித்தியம் தராது. வந்த ஹைட்ரஜனை அளந்து பார்த்ததில், இழப்பின் பெரும்பகுதி படலத்தில் போனதைவிடச் செத்துக் கிடக்கும் உலோகமாகவே இருந்தது தெரியவந்தது. அதுவரை எல்லாப் பழியையும் படலத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்த வேலையில் ஈரம் என்ன செய்யும் என்பதை ஒரு ஐப்பசி மாதத்தில் நான் பாடமாகக் கற்றேன். லித்தியத்தோடு செய்யும் வேலை அனைத்தும் ஆர்கான் வாயு நிரம்பிய கிளவ் பாக்ஸுக்குள், அதாவது கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள், நடக்கிறது. உள்ளே ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். எங்கள் பெட்டியின் ஈரம் காட்டும் சென்சார் பழுதாகி, உண்மை நிலை என்னவானாலும் 0.5 என்ற எண்ணையே காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. வெளியே நாள் முழுக்க மழை. ஈரத்தை உறிஞ்சும் தூண்களைப் புதுப்பிக்கும் நாளை நாங்கள் தள்ளிப்போட்டிருந்தோம். ஐந்து வாரம் செய்த செல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு மாலை, கத்தியால் லித்தியத் தகட்டை வெட்டிவிட்டு, வெட்டிய முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பெட்டியில் அந்த முகம் நெடுநேரம் கண்ணாடியாக இருக்கும். அன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து ஒரு பழுப்பு நிழல் உள்நோக்கிப் படர்ந்தது. மின்பகுளியை எடுத்து ஈரத்தை அளந்தால், பத்து லட்சத்தில் இருபது பங்குக்குக் கீழே இருக்க வேண்டிய எண் நூறைத் தாண்டி நின்றது.

அதில் என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. கெட்டுப்போன அந்த செல்களில் சில, தொடக்கத்தில் நல்ல செல்களைவிடச் சீராக ஓடியிருந்தன. காரணம் பிறகு விளங்கியது. வழக்கமான உப்பான லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் தண்ணீரைத் தொட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தருகிறது. அது லித்தியத்தின் மேல் லித்தியம் ஃபுளோரைடைப் படியவைக்கிறது. அளவோடு இருந்தால் படலம் இறுக்கமாகி உலோகம் சமமாகப் படியக்கூட உதவுகிறது. இதை வேண்டுமென்றே செய்து பார்த்து, பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் ஊசிகள் குறைவதாக எழுதியவர்களும் உண்டு. ஆனால் அதே அமிலம் பிளஸ் பக்கத்தில் உள்ள உலோக ஆக்சைடிலிருந்து மாங்கனீசு போன்றவற்றைக் கரைத்தெடுக்கிறது. எங்கள் செல்களும் நாளாக ஆகக் கெட்டன. முதல் இருபது சுழற்சியின் வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லியிருந்தால் ஒரு பழுதான சென்சாரைக் கண்டுபிடிப்பு என்று எழுதியிருப்போம். அந்த ஐந்து வாரத் தரவு முழுவதையும் ஒதுக்கிவிட்டோம்.

இனி கணக்குக்கு வருகிறேன். இந்தத் துறையில் வாசகர்கள் ஏமாறும் இடம் இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். கூலும் திறன் 99 விழுக்காடு என்றால் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கூடுதல் லித்தியம் எதுவும் வைக்காத செல்லில் அது நூறு சுழற்சிக்குப் பின் 37 விழுக்காட்டை மட்டுமே மீதி வைக்கும். 99.9 என்றால் 90 மிஞ்சும். ஆயிரம் சுழற்சி ஓடியும் 80 விழுக்காடு மிஞ்ச வேண்டுமானால் 99.98க்குக் குறையக் கூடாது. பழைய கார்பனேட் மின்பகுளிகளில் லித்தியம் உலோகத்துக்கு 90ஐத் தொடுவதே பாடு. அப்படியிருக்க, ஆயிரம் சுழற்சி ஓடியது என்று அறிவிப்புகள் எப்படி வருகின்றன?

பதில் தகட்டின் தடிமனில் இருக்கிறது. ஆய்வகங்களில் வாங்கும் லித்தியத் தகடு பெரும்பாலும் 250 மைக்ரான் அல்லது அதற்கும் மேல். அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 51 மில்லி ஆம்பியர் மணி அளவு லித்தியம் இருக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் 3 மில்லி ஆம்பியர் மணியைப் பயன்படுத்தி, அதில் ஒரு விழுக்காடு, அதாவது 0.03, இழந்தால், அந்தக் கையிருப்பு 1,700 சுழற்சிக்குத் தாங்கும். ஆனால் எடை குறைவாக இருந்தால்தானே லித்தியம் உலோகத்தால் பயன்? வண்டிக்குப் போகும் உண்மையான செல்லில் தகடு 20 மைக்ரான்தான் இருக்க முடியும். அதன் கையிருப்பு சுமார் 4.1 மில்லி ஆம்பியர் மணி. அதே மின்பகுளி, அதே இழப்பு, 137 சுழற்சியில் கதை முடிகிறது. மின்பகுளியின் அளவிலும் இதே நிலைமைதான். நாணய செல்லில் நாங்கள் தாராளமாக 75 மைக்ரோலிட்டர் விடுகிறோம். விற்பனை செல்லில் ஒரு ஆம்பியர் மணிக்கு இரண்டு மூன்று கிராமுக்கு மேல் விட முடியாது. சிதைவின் வேகம் மாறாமல், குடிக்கக் கிடைக்கும் அளவு மட்டும் சுருங்குவதால், லித்தியம் தீரும் முன்பே பல செல்கள் உள்ளுக்குள் வறண்டு நின்றுவிடுகின்றன.

இதை அப்பாவிடம் ஒருமுறை விளக்கியபோது, "அதுலயும் தண்ணி ஊத்தோணுமா அம்மிணி?" என்று கேட்டார். ஊற்றுவதற்கு அதில் மூடி கிடையாது என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப மொதல்லயே அளந்து வெச்சிரோணும்" என்றார். மின்பகுளி பற்றி வரும் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்த அளவைத்தான். தகட்டின் தடிமன், விட்ட மின்பகுளியின் எடை, சோதித்த வெப்பநிலை ஆகிய மூன்றும் எழுதப்படாத கட்டுரையை, வரைபடம் எத்தனை அழகாக இருந்தாலும் ஓரமாக வைத்துவிடுகிறேன்.

வெப்பநிலையைச் சேர்ப்பதற்கு நம் ஊரே காரணம். உலகெங்கும் பெரும்பாலான சோதனைகள் 25 டிகிரியில் நடக்கின்றன. கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி தொடும் நாட்கள் உண்டு. தகரக் கொட்டகையில் நிறுத்திய வண்டிக்குள் இன்னும் கூடும். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்பாவின் "ரெண்டு பங்கு குடிக்கும்" அதே கணக்குதான். படலத்தின் கரிமப் பகுதிகள் சூட்டில் கரைந்து போகின்றன, ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்பும் சூட்டில் தானாகவே சிதைகிறது. ஆகவே எங்கள் ஆய்வகத்தில் 45 டிகிரியில் ஓடாத மின்பகுளியைப் பற்றி நாங்கள் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

கடந்த பத்தாண்டில் கிடைத்த முன்னேற்றத்தின் சாரம், மின்பகுளி சிதைவதைத் தடுப்பதைவிட, எது முதலில் சிதைய வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பது. சாதாரணக் கரைசலில் லித்தியம் அயனியைக் கரைப்பான் மூலக்கூறுகளே சூழ்ந்து நிற்கின்றன. அதனால் உலோகத்தின் பரப்பில் முதலில் சிதைவதும் அவைதான். உப்பின் செறிவை நான்கு மடங்கு ஏற்றினால் கரைப்பான் போதாமல், உப்பின் எதிரயனிகள் அந்தச் சூழலுக்குள் நுழைந்து முதலில் சிதைகின்றன. ஃபுளோரின் நிறைந்த எதிரயனி என்றால் படலமும் லித்தியம் ஃபுளோரைடு நிறைந்ததாக அமைகிறது. 2015இல் அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம், டைமெத்தாக்ஸி ஈத்தேனில் 4 மோலார் அளவு எல்ஐஎஃப்எஸ்ஐ என்ற ஃபுளோரின் கொண்ட லித்தியம் உப்பைக் கரைத்து 99.1 விழுக்காடு திறனை எட்டியது. அத்தனை உப்பு சேர்த்தால் திரவம் பாகு போல் தடித்து, பிரிப்பானை நனைக்கத் திணறுகிறது, விலையும் ஏறுகிறது. இதற்கு மாற்றாக, உப்பைக் கரைக்காத ஒரு ஃபுளோரினேற்ற ஈதரைக் கலந்து தடிப்பை மட்டும் குறைக்கும் முறையை அதே ஆய்வகத்தார் பிறகு கொண்டுவந்தார்கள். அயனியின் அண்டைச் சூழல் மாறாமல், மொத்தத் திரவம் மட்டும் இளகுகிறது. நான் கையாண்டவற்றில் மனம் நிறைந்த மின்பகுளி இந்த வகைதான். ஆனால் பிளஸ் பக்கத்துக்கும் கவலை உண்டு: ஈதர்கள் சாதாரணச் செறிவில் 4 வோல்ட்டை நெருங்கும்போது ஆக்சிஜனேற்றம் அடைகின்றன, இந்த உப்புகள் அங்கே உள்ள அலுமினியத் தகட்டையும் அரிக்கக்கூடும். மைனஸ் பக்கத்தை மட்டும் பார்த்து எழுதிய வெற்றிகள் பல, முழு செல்லில் மங்கிப்போவது இதனால்தான்.

திரவமே வேண்டாம், திட மின்பகுளி வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். இதை நான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2011இல் ஜப்பானில் ரியோஜி கன்னோவின் குழு அறிவித்த ஜெர்மேனியம் கலந்த சல்ஃபைடு, திரவத்துக்கு இணையாக அயனியைக் கடத்தியது; ஆனால் லித்தியத்தைத் தொட்டால் அதுவும் சிதைகிறது. சிதைவில் ஜெர்மேனியம் லித்தியத்தோடு சேர்ந்து எலக்ட்ரானைக் கடத்தும் கலவையாவதால், படலம் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகிறது. குளோரின் சேர்ந்த, ஆர்கிரோடைட் எனும் படிக அமைப்புள்ள சல்ஃபைடும் சிதைகிறது, ஆனால் அதிலிருந்து வரும் லித்தியம் சல்ஃபைடு, பாஸ்ஃபைடு, குளோரைடு ஆகியவை எலக்ட்ரானை எளிதில் விடாததால் சிதைவு தன்னைத் தானே கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. இரண்டுமே சிதைந்தன, சிதைந்து என்னவாயின என்பதில்தான் ஒன்று கெட்டது, ஒன்று பிழைத்தது.

இத்தனையும் எழுதியபின் மெக்னீசியத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் படலத்தின் மேல் நான் வைத்த நம்பிக்கையை அது தலைகீழாக்கியது. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில், கருப்பூர்ப் பக்கம், செம்மண்ணுக்கு நடுவே வெண்மையாகத் தெரியும் மேடுகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள். வேதியியலில் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். வெட்டியெடுத்து, சுட்டு, எஃகு உலைகளின் சூட்டைத் தாங்கும் செங்கல்லாக்குகிறார்கள். அந்தக் கல்லில் ஒன்று என் மேசையில் இருக்கிறது. மெக்னீசியம் லித்தியத்தைவிட மலிவு, எங்கும் கிடைப்பது, ஒரு அயனிக்கு இரண்டு எலக்ட்ரான் தருவது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 3,833 மில்லி ஆம்பியர் மணி, லித்தியத்துக்கு 2,062தான். சாதாரண கார்பனேட் மின்பகுளியில் இதை வைத்தால் இதன் மேலும் படலம் உண்டாகிறது. ஆனால் இரட்டை மின்சுமை கொண்ட மெக்னீசியம் அயனியை அந்தப் படலம் உள்ளே விடுவதில்லை. வேலி போட்டதும் வீட்டுக்காரரே நுழைய முடியாத நிலை. படலமே உண்டாக்காத, உண்மையிலேயே ஒடுக்கமடையாத மின்பகுளி இதற்கு வேண்டும். 2000இல் இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்தில் டோரன் ஔர்பாக்கின் குழு, கிரிக்னார்டு வினைப்பொருள்கள் எனப்படும் கரிம மெக்னீசியச் சேர்மங்களின் வழியில் ஈதரும் ஆர்கனோ அலுமினியக் குளோரைடும் சேர்ந்த கரைசலில், மெக்னீசியம் திரும்பத் திரும்பப் படிந்து உரியும் பேட்டரியை முதன்முதலாகச் செய்து காட்டியது.

அந்தக் குளோரைடு மெக்னீசியத்தின் பரப்பைத் தூய்மையாக வைக்கிறது, அதேசமயம் நாணய செல்லின் எஃகு உறையைத் தின்கிறது. சென்ற மாதம் பிரித்த எங்கள் செல்களில், மெக்னீசியத் தகடு பளபளப்பாக இருக்க, உறையின் உட்புறத்தில் குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள் விழுந்து, பிரிப்பானில் துருவின் மஞ்சள் இறங்கியிருந்தது. நாங்கள் அதுவரை மெக்னீசியத்தின் இழப்பு என்று எழுதி வந்த எண்ணில் ஒரு பகுதி உறையின் இரும்பு கரைந்ததால் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது உட்புறம் முழுவதும் மாலிப்டினம் தகடு வைத்து மறைத்த ஆறு செல்கள் 45 டிகிரி அடுப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. விட்ட மின்பகுளியின் எடையை ஒவ்வொரு செல்லின் மேலும் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். ஐம்பதாவது சுழற்சியில் முதல் செல்லைப் பிரித்து, முதலில் உறையைத்தான் பார்க்கப் போகிறோம்.